லீன் என்று ஸ்கேனர் சொன்னால்

ஸ்கேனரில் பி0171 என்ற கோட், அதாவது லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை), வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவது பல ஒர்க்‌ஷாப்புகளில் ஊறிப்போன பழக்கம். பெரும்பாலும் சென்சார் மேல் குற்றமே இருக்காது. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் மிச்சம் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அந்தக் கோட் எண்ணை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது கோட் விழுந்த நேரத்துப் பதிவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் விழுந்தது என்பது அதில்தான் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் நின்றால் கவலையில்லை. ஐடிலில் பிளஸ் 22, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 4 என்றால் வேக்யூம் லீக்கை, அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும் ஓட்டையைத் தேடலாம். ஓட்டை அதேதான், ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. பிசிவி ஹோஸின் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்க வளைவை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் வெடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குப் படாத அங்கேதான். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்து லீக் தேடுவது ஆபத்து, ஸ்மோக் மெஷினே மேல்.

இதெல்லாம் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் இன்ஜினில் திருட்டுக் காற்றும் கணக்கில் வந்துவிடும். ட்ரிம் அதிகம் நகராது, ஐடில் ஏறி நிற்கும்.

ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் கதை வேறு. ஃப்யூவல் பிரஷர் கேஜை மாட்டி, லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். பிரஷர் விழுந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். விழாவிட்டால் அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் மேல் சந்தேகம் போகும். அதற்கென்றே உள்ள கிளீனரைத்தான் அடிக்க வேண்டும், கார்புரேட்டர் கிளீனரை அல்ல.

மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரும், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக்கும் பொய்யாக லீன் காட்டும்.

ட்ரிம் மைனஸ் பக்கம் போனால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது சரியென்றால் பர்ஜ் ஹோஸை (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாய்) அழுத்திப் பிடியுங்கள். ட்ரிம் திரும்பினால் பர்ஜ் வால்வு மூடவில்லை. புகை கறுப்பாக வந்தும் ட்ரிம் 0 என்றே நிற்கிறதா? இன்ஜின் இன்னும் ஓபன் லூப்பில், அதாவது ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்காமல் இருக்கலாம். கூலன்ட் சென்சார் மைனஸ் 40 டிகிரி காட்டினால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கும், முதலில் அதன் கனெக்டரைப் பாருங்கள்.