சாவியைக் கொடுக்கும்போது நீளும் சீட்டு

அறையைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும்போதுதான் அந்தச் சின்னச் சீட்டு நீள்கிறது. நகர வரி, அதாவது விடுதியில் வந்து தங்குகிறவர்களிடம் ஊர் வாங்கும் வரி: இரண்டு பேர், நான்கு இரவுகள், ரொக்கமாக மட்டும். முன்பதிவின்போதே எல்லாம் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்தவன், வாசலில் டாக்ஸி காத்திருக்கப் பையின் அடியில் சில்லறை துழாவினேன். எனக்கு வரியின் மேல் கோபமில்லை, அது வந்து நிற்கும் நேரத்தின் மேல்தான்.

விருந்தாளி போடும் குப்பையையும் ஊர்தானே அள்ளுகிறது? கொடுக்கலாம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், பத்துப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் சுருண்டவனும் பால்கனியோடு கூடிய அறையில் இருப்பவரும் ஒரே தொகை கட்ட வேண்டியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் வாங்குகிறது. கை கடிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

வெனிஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம். நெரிசலான நாட்களில் பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களிடம் 2024 இல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. அவர்கள்தான் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுகிறார்களே.

என் கதைக்கு வருகிறேன். ரசீது கேட்டேன். முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.