பள்ளியில் வரைந்த வீடு

எங்கள் தொழிலில் செய்த வேலைக்கு ஆயுள் குறைவு. கட்டடத்தை வடிவமைத்தவர் முப்பது வருடம் கழித்தும் அதே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். உள்ளே வேலை செய்த இன்டீரியர் டிசைனருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாடகை ஒப்பந்தம் முடிந்தாலோ நிறுவனம் கைமாறினாலோ ஃபால்ஸ் சீலிங் முதல் தரை வரை கழற்றிவிடுவார்கள். நான் மிகவும் விரும்பிச் செய்த ஓர் அலுவலகத்தை அடுத்து வந்தவர்கள் ஒரே வாரத்தில் உரித்துப் போட்டார்கள். தேக்கு வெனீர் பலகைகள் லாரியில் ஏறிப் போவதை எங்கள் கார்ப்பெண்டர் அண்ணன்தான் போன் செய்து சொன்னார். மனசு ஆறவில்லை. அப்புறம் அந்த வேலையின் வரைபடங்களை எடுத்துப் பார்த்தபோதுதான், கையில் மிஞ்சியிருப்பது இது மட்டும்தான் என்று உறைத்தது.

அந்த நாட்களில்தான் அமெரிக்க இன்டீரியர் டிசைனர் ஃப்ளாரன்ஸ் நோலின் ஆவணங்களை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனைச் சேர்ந்த அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. 1954-ல் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டில் தொடங்கி, 1970-ல் ஸ்மித்சோனியனோடு சேர்ந்த காப்பகம் அது. நோல் தன் காகிதங்களை 2000-ல் அங்கே கொடுத்தார். அள்ளிக் கட்டிக் கொடுக்கவில்லை. எது இருக்க வேண்டும், எதற்கு அடுத்து எது வர வேண்டும் என்று தானே தேர்ந்து, வண்ணம் வைத்துப் பிரித்து, ஓர் அறையைத் திட்டமிடுவது போலவே அடுக்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத் தலைமையகத்தின் உட்புறத்தை முடித்தவர். நவீன அலுவலகம் என்றால் இப்படித்தான் என்று உலகம் பழகிக்கொண்ட முகத்தை உருவாக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். அவ்வளவு பெரிய வேலைகளோடு, 1930-களில் மாணவியாக வரைந்தவற்றையும் சேர்த்தே வைத்தார். என்னை நிறுத்தியது அந்த முடிவுதான்.

பிறந்தது 1917-ல், மிச்சிகனின் சாகினாவில், ஃப்ளாரன்ஸ் ஷுஸ்ட் என்ற பெயரில். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார், சில வருடங்களில் அம்மாவையும். பொறுப்பேற்றுக்கொண்ட வங்கிக்காரர் விடுதிப் பள்ளி ஒன்றைப் பார்க்கலாம் என்றபோது, அந்தச் சிறுமி தானே தேர்ந்தெடுத்தது டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிங்ஸ்வுட் பெண்கள் பள்ளி. கட்டடம் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்தாள். ஃபின்லாந்திலிருந்து வந்த எலியெல் சாரினென் வடிவமைத்த பள்ளி அது. விரிப்புகளும் திரைகளும் அவர் மனைவி லோயாவின் நெசவுக்கூடத்தில் நெய்தவை. நாற்காலிகளில் மகன் ஈரோவின் கை இருந்தது. சுவர் ஒருவர், துணி ஒருவர், மேசை ஒருவர் என்று ஆளுக்கொன்று செய்தும் எல்லாம் ஒரே பேச்சாக இருக்கும் இடத்தில் ஒரு பெண் வளர்கிறாள் என்றால், அவளுக்கு உள்ளும் வெளியும் தனித்தனி என்று எப்படித் தோன்றும்?

கட்டடக்கலை படித்த ரேச்சல் ரேஸ்மன் அங்கே கலை ஆசிரியை. அவர் வழிகாட்ட, பள்ளிக்காலத்திலேயே ஒரு முழு வீட்டை வடிவமைத்தாள் ஃப்ளாரன்ஸ். பதின்ம வயதுப் பெண்ணிடம் ஒரு பூ ஜாடியை வரையச் சொல்லாமல், வீட்டின் தரைத்திட்டம், உள்ளே வருபவை என்று எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கச் சொன்ன ஆசிரியை! அந்தப் பெயர் நம் தொழிலில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னால் லண்டனிலும், சிகாகோவில் நவீனக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவிடமும் படித்தார். ஆனால் தரைத்திட்டத்தில் தொடங்கி துணியில் முடிகிற அந்தப் பழக்கம் கிங்ஸ்வுட்டிலேயே வந்துவிட்டது.

கணவர் ஹான்ஸ் நோலின் மேசை நாற்காலி நிறுவனமான நோலில் அவர் நடத்திய திட்டமிடல் பிரிவு, வரைவதற்கு முன்னால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்கும். என்ன வேலை, யாரோடு பேச வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்று. மூலையில் சாய்வாகப் போட்டிருந்த முதலாளி மேசையை நேராக்கி, பின்னாலிருந்த மேசையைத் தாழ்வான அலமாரியாக்கியது அந்த விசாரிப்பிலிருந்து வந்தது. முடிவைக் காட்ட அவர் கையாண்டது, ஆடை வடிவமைப்பில் ஏற்கெனவே இருந்த முறை: தரைத்திட்டத்தின் மேல் சோபா வருகிற இடத்தில் அந்த சோபாவின் துணியையே துண்டாக வெட்டி ஒட்டுவது. மரத்துக்கு மரத் துணுக்கு, தோலுக்குத் தோல். இன்று நாங்கள் கிளையன்டிடம் எடுத்துப்போகும் மெட்டீரியல் போர்டுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு வித்தியாசம் உண்டு, அதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் போர்டில் துணி ஒரு பக்கம், லேமினேட் ஒரு பக்கம் என்று சும்மா வரிசையாக இருக்கும். அவருடையதில் துணி, அறையில் தனக்குரிய இடத்தில் இருக்கும். பக்கத்து நிறத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதை யாரும் விளக்க வேண்டாம்.

இதைப் பாதுகாப்பது லேசான காரியமில்லை. ட்ரேசிங் ஷீட் வயதாக ஆக நொறுங்கும். ஒட்டு நாடாவின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். வெளிச்சம் பட்டால் துணிச் சாயம் வெளிறும். அமிலம் இல்லாத உறைகள், இருட்டு, சீரான வெப்பநிலை எல்லாம் வேண்டும். நம் கணினிக் கோப்புகளுக்கு அதுவும் பத்தாது. இருபது வருடத்துக்கு முந்தைய சிடியைப் போட இன்று பல அலுவலகங்களில் டிரைவே இல்லை.

நோல் 2019 ஜனவரியில், 101 வயதில் காலமானார். சிபிஎஸ் அந்தக் கட்டடத்தை 2021-ல் விற்றுவிட்டது. பள்ளி மாணவியின் வீட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. அது இருப்பதே காகிதத்தில்தான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வேலையின் முதல் கைவரைபடத்தையும் மடிக்காமல் தட்டையான இழுப்பறையில் வைக்கிறோம். வரைந்தவர் பெயரும் தேதியும் பென்சிலில் இருக்க வேண்டும், ஜூனியராக இருந்தாலும் அவர் பெயர்தான். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கல்லூரி முதல் வருட ஷீட்டுகளைக் கொண்டுவரச் சொல்கிறேன். பலர், "அதையெல்லாம் அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்க மேடம்" என்கிறார்கள். வைத்திருப்பவர்கள் தயங்கித் தயங்கிப் பிரிக்கிறார்கள். கோடு நேராக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. அந்த அறையில் யார் உட்காரப் போகிறார் என்று அன்றைக்கு யோசித்திருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன். யோசித்திருந்தால், மீதியைச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சந்தோஷம்தான்.