நடந்தே போய்வர ஓர் ஊர்

இங்கிலாந்துக்கு வந்து முதல் நான்கு வருஷம் கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில் இருந்தோம். வாசலில் இறங்கினால் தமிழ்க் குரல் கேட்கும். முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தெருமுனையிலேயே கிடைக்கும். இவருக்குக் கேம்பிரிட்ஜில் வேலை கிடைத்ததும் அதையெல்லாம் விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. கேம்பிரிட்ஜுக்குள் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சரி, சுற்றுவட்டாரத்தில் சின்ன ஊராகப் பார்ப்போம் என்று மூன்றைக் குறித்துக்கொண்டோம்: சாஃப்ரன் வால்டன், செயின்ட் ஐவ்ஸ், ஈலி.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இவர் காலையில் போன பிறகு நானும் மகளும் யார் தயவையும் எதிர்பார்க்காமல் பள்ளிக்கூடம், கடை, டாக்டர், ரயில் எல்லாவற்றுக்கும் நடந்தே போய்வர வேண்டும். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சாஃப்ரன் வால்டனைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. ஒரு காலத்தில் குங்குமப்பூ விளைந்த ஊர். பெயரே அதிலிருந்து வந்தது. மரச்சட்டமிட்ட பழைய வீடுகள், சுண்ணச்சாந்தில் பூவேலை செய்த சுவர்கள். ஆனால் ரயில் நிலையம் ஆட்லி எண்டில், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். மழையில் மகளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோதே தெரிந்துவிட்டது, இங்கே கார் இல்லாமல் எனக்குச் சிரமம். செயின்ட் ஐவ்ஸில் ஆற்றுப் பாலத்தின் நடுவிலேயே குட்டியாக ஒரு தேவாலயம் இருக்கிறது. பழைய ரயில் பாதையில் 2011 முதல் தனித்தடத்தில் பஸ் ஓடுகிறது. ஊர் பிடித்தது. பிடித்த வீடு ஆற்றோரத்தில் இருந்தது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் வெள்ள அபாயம் உண்டா என்று காட்டும் அரசாங்க இணையப் பக்கம் இங்கே இருக்கிறது. பார்த்தோம், விட்டுவிட்டோம். மன்னார்குடிப் பக்கம் ஆறு உடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஈலிக்கு முதலில் போனது ஜூலை மாதச் சனிக்கிழமை. சந்தை கூடியிருந்தது, ஆற்றங்கரை முழுக்க ஜனம். அன்றைக்கு எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே திரும்பிப் போனோம். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறி, மகளின் நடையில், கடைவீதிக்குப் பதினெட்டு நிமிஷம். வழியெல்லாம் விளக்கு இருந்தது. குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு பெண்கள் தனியாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடை திறந்திருந்தது. நூலகத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கதீட்ரல், அதாவது பிஷப்பின் தலைமைத் தேவாலயம், கருத்த கப்பல் மாதிரி நின்றது. 1322இல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில்தான் எண்கோண மாடத்தைக் கட்டினார்களாம். அந்தக் கதீட்ரலால்தான் சுமார் 20,000 பேர் உள்ள இந்தச் சின்ன ஊருக்குச் சிட்டி என்று பெயர். “இங்கேயே இருக்கலாம்மா” என்று மகள் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் எங்கள் படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை பிடித்து மகளுக்கு இரண்டு குளிர்காலம் இருமல் விடவில்லை. அதனால் ஈலியில் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் அலமாரிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தேன், ஜன்னல் மூலையில் முகர்ந்து பார்த்தேன். புதுப் பெயின்ட் வாசனை மட்டும் ஓர் அறையில் தூக்கலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் வீடு எந்தப் பிரிவு, வீட்டின் எரிசக்தித் தரம் என்ன என்பதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அது சட்டம். நான்கு வயது முடிந்த குழந்தைக்குச் செப்டம்பரில் பள்ளி தொடங்கும். ஆனால் ஜனவரி 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் டிசம்பரில் குடிவந்தது அதற்காகத்தான்.

முதல் மூன்று மாதம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பகலெல்லாம் தமிழில் பேச ஆளில்லை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜில் மில் ரோட்டுக் கடைகளுக்குப் போக வேண்டும். ரயிலில் கால் மணி நேரம்தான், இறங்கி நடக்கிற தூரம். ஆனாலும் தெருமுனை மாதிரி ஆகுமா? இப்போது மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன்.

என்னை இந்த ஊரோடு ஒட்டவைத்தது மண். வியாழக்கிழமைச் சந்தையில் செலரி வாங்கினேன். வீட்டில் தண்டைப் பிரித்தால் அடியில் கன்னங்கரேல் என்று மண். கழுவக் கழுவ மை கரைகிற மாதிரி தொட்டியில் இறங்கியது. வீடியோவில் பார்த்த அப்பா, “இது என்ன மண்ணும்மா, கரி மாதிரி இருக்கு?” என்றார். அடுத்த நாள் ஆற்றங்கரைக்குப் போய் வயல்களைக் காட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை, நேர்கோடாக வாய்க்கால்கள். நம் ஊர்தான் என்று தோன்றும். ஆனால் அப்பா உடனே பிடித்துவிட்டார்.

“ஆறு மேல ஓடுது, வயல் கீழ கிடக்கு. தண்ணி எப்படி வடியுது?”

வடியாது, இறைத்து மேலே ஏற்றுகிறார்கள் என்றேன். இதெல்லாம் சதுப்பு நிலம். ஈலி அதன் நடுவில் தீவாக இருந்தது. விலாங்கு மீன் நிறைந்திருந்ததால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் நீரை வடித்தார்கள். வடித்ததும் அந்தக் கரிமண் காய்ந்து சுருங்கி, நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்துபோனது. காற்றாலை வைத்து இறைத்தார்கள், பிறகு நீராவி. பக்கத்தில் ஸ்ட்ரெத்தமில் 1831இல் அமைத்த நீராவி இறைப்பு எந்திரம் இன்னும் இருக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாம வர்ற தண்ணிக்கு வாய்க்கால் வெட்டினோம், அவங்க போற தண்ணிக்கு வெட்டியிருக்காங்க” என்றார்.

வருகிற கோடையில் அவர் வருகிறார். கதீட்ரல் அப்புறமாம், முதலில் அந்த எந்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். அது திறந்திருக்கும் நாளைப் பார்த்துத்தான் டிக்கெட் போடப் போகிறோம்.