மஸ்ஜித் தானாவில் ஆமை முட்டைக்குக் காத்திருந்த இரவு

கிள்ளானிலிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டார், லுபோக் சீனாவில் ஐந்து நிமிடமாவது வண்டியை நிறுத்த வேண்டும் என்று. அவர் இருபத்திரண்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டம் அந்தப் பக்கம்தான். நிறுத்தினேன். பால்மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறது. அம்மா கும்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவில் மாமா வீடு. சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இதுதான் சம்பளப் பட்டணம். மளிகை, துணி, அடகு எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருவோம். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை அப்பா சில சமயம் பழைய செய்தித்தாளில் சுற்றி ஆமை முட்டை வாங்கி வருவார், இளைப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். பிங்பாங் பந்து அளவு. கோழிமுட்டை மாதிரி உடையாது. தோல் போல இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் வெள்ளைக்கரு கட்டியாகாது. முனையைக் கிள்ளி, மிளகுத்தூள் தூவி உறிஞ்சுவோம். அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கடற்கரை மோட்டாரில் கால் மணி நேர தூரம்தான்.

இந்தப் பயணமே அதற்காகத்தான். பெங்காலான் பாலாக் கடற்கரையை ஒட்டிய பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் கடலாமைத் தகவல் மையம் இருக்கிறது. இரவில் குஞ்சு விடுவதைப் பார்க்க முன்கூட்டியே கேட்டிருந்தேன். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. “ஆமையைப் பாக்கவா கிள்ளான்லருந்து வந்தீங்க? நம்ம வீட்டுக் கால்வாய்லயே இருக்கே,” என்றார். “இது வேற ஆமைண்ணே,” என்று அம்மாதான் பதில் சொன்னார்.

வேறுதான். கால்வாய் ஆமை தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமையால் அது முடியாது. கால்கள் துடுப்பாகிவிட்டதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. மையத்துத் தொட்டியில் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்துடுப்பு ஒன்று பாதிதான் இருந்தது. அறுந்து மிதந்த மீன்வலை நூல் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் போன துடுப்பு. வெட்டுவாயில் தோல் மூடி, வெளிறிய தழும்பாக இருந்தது. ஒவ்வொரு முறை மூச்சு வாங்க மேலே வரும்போதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்த்திக்கொண்டு மறுபடி இறங்கியது. அம்மா அந்தத் தொட்டியை விட்டு நகர அரை மணி நேரமானது.

மலாக்காவுக்கு வருவது அழுங்காமை. மலாய்க்காரர்கள் பென்யூ காராஹ் என்பார்கள். பருந்து மூக்கு, பவளப்பாறை இடுக்கில் கடற்பஞ்சைக் கொத்தித் தின்ன வாகானது. ஓட்டுத் தகடுகள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அந்த அழகுதான் அதற்கு எமன். சீப்பும் கண்ணாடிச் சட்டமும் செய்வதற்காகவே உலகமெங்கும் கொன்று குவித்தார்கள். 1977-லேயே அனைத்துலக வாணிபத் தடைப் பட்டியலில் சேர்த்தாயிற்று, இன்னும் அற்றுப்போகும் விளிம்பில்தான் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகமாக முட்டையிட வருவது இந்த மலாக்காக் கரைக்கு. முதுகில் செயற்கைக்கோள் கருவி ஒட்டி அனுப்பியபோது, இங்கே முட்டையிட்டவை ரியாவ் தீவுகள் பக்கம் போய் மேய்ந்தது தெரிந்தது. பிரசவத்துக்கு மட்டும் தாய்வீடு வருகிற கணக்கு.

பொரிப்பகத்தைப் பார்த்ததும் அம்மா, “இது நம்ம தோட்டத்து நாத்தங்கால் மாதிரியே இருக்கு,” என்றார். செம்பனைக் கன்றுக்குக் கட்டுகிற கறுப்பு வலைதான் மேலே. கீழே மணலில் வரிசையாகக் கம்பிவலை வளையங்கள், ஒவ்வொன்றிலும் தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய அட்டை. வலை வெயிலுக்காக. கருவில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண், கீழே ஆண். மணல் மிகவும் கொதித்தால் குழி முழுக்கப் பெண்ணாகிவிடும், அதற்கும் மேலே போனால் பொரிக்கவே பொரிக்காது.

பணியில் இருந்த மலாய் இளைஞர் அம்மாவிடம் பொறுமையாகப் பேசினார். அம்மாவின் தோட்டத்து மலாய் அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்றுதான் வளர்ந்து திரும்பி வரும் என்பார்கள், அதுவும் இருபது முப்பது வருடம் கழித்து என்றார். அம்மா உடனே கேட்டார்: “ஆயிரத்துல ஒண்ணுதான் தேறும்னா, நாம பத்து முட்டை தின்னதுல என்ன கொறைஞ்சு போச்சு?”

நியாயமான கேள்வி. ஊரில் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கதையை அவருக்குச் சொன்னேன். பெலிம்பிங் (நட்சத்திரப்பழம்) போல முதுகில் வரி ஓடும் ஏழுவரி ஆமை, 1950-களில் அங்கே ஒரு வருடத்தில் பத்தாயிரம் முறை கரையேறி முட்டையிட்டது. முட்டையை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்தார்கள். ஆனாலும் ஆமைகள் வந்துகொண்டேயிருந்தன. ஒன்றும் குறையவில்லையே என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தவை எல்லாம் பல வருடத்துக்கு முன்னால் பொரித்த பழைய ஆமைகள். அவை வலையில் சிக்கியும் வயதாகியும் போனபோது அடுத்த தலைமுறை என்று ஒன்று கடலிலேயே இல்லை. இப்போது ஒரு பருவத்துக்கு ஒன்று வந்தாலே செய்தி.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “மறுநடவு பண்ணாத தோட்டம்,” என்றார். “கெழட்டு மரம் பால் குடுக்குறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஒரே நாள்ல எல்லாம் நின்னு போவும்.”

நான் எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திரெங்கானுவில் எல்லாக் கடலாமை முட்டை விற்பனைக்கும் 1 ஜூன் 2022 முதல் தடை வந்தது. அதற்கு முன் ஏழுவரி ஆமை முட்டைக்கு மட்டுமே தடை. அந்தப் பத்தாயிரத்துக்கு அது எவ்வளவு தாமதம்!

எட்டு மணிக்கு ‘14 ஏப்ரல்’ என்று எழுதிய வளையத்தில் மணல் லேசாக உள்ளே சரிந்தது. பிறகு ஒரு கறுப்பு மூக்கு. சற்று நேரத்தில் பானையில் உலை கொதிப்பது போல மணலே கிளம்பி வந்தது. தொண்ணூற்று மூன்று குஞ்சுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி நீளம். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கரு மிச்சம்தான் முதல் ஒரு நாள் நீச்சலுக்குக் கட்டுச்சோறு, தொட்டியில் போட்டு வைத்தால் அது வீணாகிவிடும். அதனால் அன்றிரவே விட்டுவிடுகிறார்கள்.

கடலிலிருந்து பத்தடி தள்ளி விட்டார்கள். பெரும்பாலானவை நேரே இறங்கின. ஏழெட்டு மட்டும் அப்படியே திரும்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்தன. அங்கே ஒரு தங்கும் விடுதியின் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குஞ்சுக்கு வெளிச்சம்தான் திசை. மரம் அடர்ந்த கரை இருட்டாகவும் கடல் சற்று வெளிச்சமாகவும் இருந்த காலத்தில் அது பிழைத்த வழி, இன்று அதுவே சாலைக்கும் நாய்க்கும் இழுத்துப் போகிறது. விளக்கை அணைக்கச் சொல்ல இளைஞர் ஓடினார். அதற்குள் அம்மா தோளில் இருந்த துண்டை இரண்டு கையாலும் விரித்து, விளக்குக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். துண்டின் நிழல் மணலில் விழுந்தது. முன்னால் வந்த குஞ்சு நின்றது. தலையை இப்படியும் அப்படியும் தூக்கிப் பார்த்தது. மெல்ல, மிக மெல்ல, கடல் பக்கம் திரும்பியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

விளக்கு அணைந்தது. ஒரு பத்து நிமிடம் போல அம்மா துண்டை இறக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கரையோரமாக ஒருவர் புதிதாக இட்ட முட்டை வாளியோடு வந்தார், நெற்றியில் சிவப்பு விளக்கு. முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு உருட்டினாலோ குலுக்கினாலோ செத்துப்போகும். அவர் தரையில் காலைத் தேய்த்தாற்போல, இடுப்பு ஆடாமல் நடந்து வந்தார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். “பாரு பாப்பா, காண்டா நடை.” விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் வெட்டிவிட்டு, தோளில் காண்டாக் குச்சி, இரண்டு பக்கமும் வாளி, சொட்டுப் பால் சிந்தாமல் மேடு பள்ளத்தில் ஸ்டோருக்கு நடந்த நடை அது.

நூற்று இருபத்து நான்கு முட்டை. முழங்கை ஆழக் குழியில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அட்டையில் ‘7 ஜூன்’ என்று எழுதினார்கள். எப்போது பொரிக்கும் என்று அம்மா கேட்டார். ஐம்பதிலிருந்து அறுபது நாள் என்றார் இளைஞர்.

மறுநாள் பசியாறும்போது மாமா வீட்டுச் சமையலறையில் மளிகைக்கடை நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, விரல் விட்டு எண்ணினார். ஆகஸ்ட் 1 வந்ததும் அந்தத் தாளின் மூலையை மடித்தார்.

“அண்ணே, இதைக் கிழிச்சிராதீங்க. நாங்க வருவோம்.”