மஸ்கட் அட்டைப்பெட்டி

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, லீவில் ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். "பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் இதில இருக்கு, நீ கடைக்கு அலையாதே" என்று போனில் ஒரே பெருமை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்தோம். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. குளிக்கிற தண்ணீரில் மிதந்தபடி சூடு காட்டும் மஞ்சள் வாத்து. பால்புட்டியை ஆவியில் அவிக்கும் கரண்டு பாத்திரம். மேசை முனைகளில் ஒட்டும் மெத்து மெத்தான மூலைகள். அலமாரிப் பூட்டு ஒரு டஜன். பிள்ளை தூங்குவதை அடுத்த அறையிலிருந்து பார்க்க ஒரு கேமரா.

அம்மச்சி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை அழுதா இந்த வீட்டுல கேக்காதா மக்களே? நாலு வீடு தள்ளிக் கேக்குமே."

பையன் வைகாசிக் கடைசியில், எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) கொட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தான். எடை 2.3 கிலோ. இரண்டரைக்குக் கீழே என்றால் எடை குறைந்த பிள்ளைதான். முதல் சில நாள் அவனுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் (பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடையில் வாங்கிய எவர்சில்வர் பாலாடை. கழுவிக் கொதிக்கவைத்தால் முடிந்தது. புட்டியே வீட்டுக்குள் வரவில்லை, அதனால் ஆவிப் பாத்திரம் உறை பிரிக்காமலே கிடக்கிறது. சூட்டுக்கு என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டதுதான். அதற்கு ஒரு பழைய வேட்டி போதும்.

மழைக்காலத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சாமான் என்ன என்று கேட்டால், இஸ்திரிப் பெட்டி என்பேன். ஒரு நாளைக்கு இருபது துணி நனையும், ஒன்றும் காயாது. அம்மா சாம்பிராணிப் புகையில் காட்டலாம் என்றார். பிள்ளை இருக்கும் அறையில் எந்தப் புகையும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்போ ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற புரையில ஒரு ஓரமாக் கட்டுவோம்" என்றார் அப்பா, நிஜமாகவே. ரப்பர் ஷீட்டு நாற்றத்தோடு என் பிள்ளை வளர வேண்டாம் என்று ஒரு சண்டை. கடைசியில் ஈரம் போக விசிறிக்குக் கீழே போட்டு, மிச்சத்தை இஸ்திரி போட்டோம்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு இருப்பவர்களுக்குக் கொசு வேறு கதை. மழையில் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும், பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையில் தண்ணீர் நிற்கும், டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டை போடும். அது பகலில் கடிக்கும். ராத்திரி வலை கட்டிவிட்டுப் பகலில் பிள்ளையைத் திறந்து போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டிலும் முதல் வாரம் அப்படித்தான். பெட்டியில் கொசுவலை இல்லை. அண்ணன் மூத்த மகன் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தபோது கிடைத்த அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் (2015-ல் தொடங்கிய திட்டம், மொத்தம் 16 பொருள்) இருந்த வலையை மயினி (அண்ணி) பத்திரமாக வைத்திருந்தார். அதைத்தான் கட்டினோம். அப்பா தினமும் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வருவார்.

இனி காய்ச்சல் கதை.

ஒன்றரை மாசத்து ஊசி போட்ட அன்று, செவிலியர் அக்கா சொல்லித்தான் அனுப்பினார்: இன்றைக்கோ நாளைக்கோ காய்ச்சல் வரலாம், பயப்படாதே. பாரசிட்டமால் டிராப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எடை பார்த்து எழுதித் தந்தார்: அரை மில்லி. இரவு ஒன்பது மணிக்குப் பையன் கொதித்தான். மஸ்கட் துப்பாக்கியை நெற்றியில் பிடித்தேன், 36.4. திரும்பப் பிடித்தேன், 37.9. மூன்றாம் தடவை என்னவோ ஒரு கோடு காட்டிவிட்டு அணைந்துவிட்டது. நல்லவேளையாக, அக்குளில் வைக்கும் சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை மெடிக்கலில் வாங்கி வைத்திருந்தேன். அது 38.1 என்றது. அதாவது ஃபாரன்ஹீட்டில் 100 டிகிரிக்கு மேலே.

மயினிக்கு இரண்டு பிள்ளை வளர்த்த அனுபவம். "இரண்டரை மில்லி கொடு பிள்ளே, என் சின்னவனுக்கு அதான் கொடுத்தேன்" என்றார். அவர் சொன்னது சிரப். என் கையில் இருந்தது டிராப்ஸ். எதற்கோ லேபிளைப் பார்த்தேன். டிராப்ஸில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். ஃபிரிட்ஜில் இருந்த அவர்கள் சிரப்பை எடுத்துப் பார்த்தால், 5 மில்லியில் 125 மில்லிகிராம். ஒரே மருந்து, நாலு மடங்கு வித்தியாசம். மயினி சொன்னபடி டிராப்ஸை ஊற்றியிருந்தால் மூன்றரைக் கிலோப் பிள்ளைக்கு ஒரே வேளையில் 250 மில்லிகிராம் போயிருக்கும், டாக்டர் எழுதியதைப் போல ஐந்து மடங்கு. மயினியைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன பாட்டில், சின்ன பிள்ளைக்குரியது, அதனால் வீரியம் குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். அன்று இரவே இரண்டு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, பிள்ளையின் பெயரையும் அளவையும் பேனாவால் எழுதினேன். விடிவதற்குள் காய்ச்சல் விட்டது.

ஊசி போடாமல் இப்படிக் காய்ச்சல் வந்திருந்தால் டிராப்ஸையே தொட்டிருக்க மாட்டேன். மூன்று மாதத்துக்குள் 38-ஐத் தொட்டால் ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 என்ற எண்ணைத் தொட்டில் பக்கத்துச் சுவரில் அண்ணன் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தான். எல்லாருக்கும் தெரிந்த எண்தான், ஆனாலும் எழுதினான்.

சளிக்கு மூக்கில் உருக்கு வெளிச்செண்ணெய் (காய்ச்சி எடுத்த தேங்காயெண்ணெய்) விடுவதை நிறுத்தத்தான் அம்மச்சியோடு பெரிய மல்லுக்கட்டு. உடம்பில் தேய்க்க எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுவிடும். மெடிக்கலில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கிறது, அது போதும். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் தேன் தொட்டு வைப்பதையும் அம்மா விட்டுக்கொடுத்தார், அம்மச்சி எண்ணெயை விடவில்லை. கடைசியில் வாத்தை அவர் கையில் கொடுத்தேன். "இனி வெந்நீருக்கு நீங்கதான் பொறுப்பு." கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாத்தை மிதக்கவிடுவார். இரண்டும் ஒத்துப்போனால் வாத்துக்குச் சபாஷ்.

இப்போது எட்டு மாதம். பையன் தவழ்கிறான். போன மாதம் அடுக்களைக்குப் பின்பக்கம் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அதில் இருந்தது தண்ணீர் அல்ல, ரப்பர் பால் உறையவைக்க அப்பா கலக்கி வைத்திருந்த ஆசிட்! ஃபார்மிக் ஆசிட் பார்க்கத் தண்ணீர் போலவேதான் இருக்கும். மூடி இறுக்கமாக இருந்தது, தப்பித்தோம். எங்கள் ஊரில் ஷீட்டு அடிக்கிற எந்த வீட்டிலும் இந்த ஆசிட் இருக்கும், பாதி வீடுகளில் குடிதண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். தோலில் பட்டாலே புண்ணாக்கும். உள்ளே போனால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

அன்றைக்கு அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஆசிட் கேனில் சிவப்புப் பெயின்ட் அடித்தார். பிறகு, ஆறு மாதமாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அலமாரிப் பூட்டுகளை எடுத்துவரச் சொன்னார். இரண்டு பூட்டு ஆசிட் அலமாரிக்கு, ஒன்று மண்ணெண்ணெய்க்கு, ஒன்று மருந்துப் பெட்டிக்கு. மீதி எட்டு கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

கேமராவும் வீணாகவில்லை. அண்ணன் அதை முற்றத்தில் நல்லமிளகு காயும் பாயைப் பார்த்து மாட்டிவிட்டான், கோழி கிளறாமல் இருக்க. நேற்று மத்தியானம் மஸ்கட்டிலிருந்து போன். "பிள்ளை எங்கே? இதில கோழிதான் தெரியுது" என்கிறார்.