அபியின் கை

வீடியோ கேமில் ஒரு பெண்ணை உருவாக்கும்போது முதலில் இடுப்பு அளவை முடிவு செய்துவிட்டு, குணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பனிமலையில் சண்டை போடுகிறவளுக்கு வயிறு தெரிகிற கவசம். குளிராதா?

2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் இரண்டாம் பாகத்தில் அபி என்ற பெண் பாத்திரத்தின் முறுக்கேறிய கையைப் பார்த்துவிட்டு 'பெண்ணுக்கு இப்படிக் கை இருக்குமா' என்று இணையத்தில் ஒரே கூச்சல். இருக்கும் சார், அந்த உடம்புக்கு மாடலாக இருந்ததே கொலீன் ஃபோட்ஷ் என்ற நிஜ கிராஸ்ஃபிட் (கடும் உடற்பயிற்சிப் போட்டி) வீராங்கனைதான். (இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) அப்பா கொல்லப்படுவதற்கு முந்தைய காட்சிகளில் அவள் சாதாரண உடல்வாகுள்ள பெண், பழிவாங்கியே தீரவேண்டும் என்ற நினைப்பில் வருஷக்கணக்காக எடை தூக்கித் தூக்கி வளர்த்த கை அது. கடைசியில் சிறைப்பட்டு, பின்னல் போய், எலும்பும் தோலுமாக நிற்கும்போது அவள் எதையெல்லாம் இழந்திருக்கிறாள் என்று வசனமே இல்லாமல் புரிகிறது. இத்தனைக்கும் அவளுக்கு உயரம் என்றால் பயம், அந்த உடம்புக்குள் அந்தப் பயத்தை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, கவர்ச்சியே கூடாதா என்று கேட்பீர்கள். அதே பெயருள்ள கேமின் நாயகி பயோனெட்டாவைப் பாருங்கள், அவள் போட்டிருக்கும் உடையே அவளுடைய தலைமுடிதான், அலட்டலும் திமிரும் அவள் குணம், அதனால் பொருந்துகிறது. அவளை வடிவமைத்த மாரி ஷிமாசாகியும் ஒரு பெண்தான்.