பெயர் வரவில்லையா, பொருளே தெரியவில்லையா?

முதுமை மறதி உள்ள ஒருவரின் மொழித்திறனைச் சோதிக்கும்போது, அவர் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதைவிட, தவறியபோது எப்படித் தவறினார் என்பதையே நான் கூர்ந்து பார்க்கிறேன்.

சீப்பின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறோம். ஒருவர் தலை வாருவதுபோலக் கையை அசைத்து, "அதுதான், முடிக்கு... தினமும் எடுப்போமே" என்று தவிக்கிறார், "சீ" என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்ததும் சொல்லை முடித்துவிடுகிறார். இன்னொருவருக்கு முதல் எழுத்தைச் சொன்னாலும் பயனில்லை, நான்கு படங்களை வைத்து "சீப்பு எது?" என்று கேட்டால் கரண்டியைத் தொடுகிறார், "சீப்பு என்றால் என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். விடைத்தாளில் இருவருக்கும் சுழியம்தான். முன்னவருக்குச் சொல் நாவுக்கு எட்டவில்லை. பின்னவருக்கோ அந்தப் பொருளைப் பற்றிய அறிவே கலைந்துகொண்டிருக்கிறது. 60 படங்கள் கொண்ட பாஸ்டன் பெயரிடும் சோதனையில் இவ்வாறு எடுத்துக் கொடுப்பது சோதனையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. நேரமில்லை என்று அதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

1975-இல் வெளிவந்த, நினைவையும் சிந்தனையையும் விரைவாக அளக்கும் எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனையில் பெயர் கேட்கப்படுபவை பென்சிலும் கைக்கடிகாரமும் மட்டுமே. தொடக்கநிலைக் குறைபாடு இதில் எளிதாகத் தப்பிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: 1982-இல் நரம்பியல் மருத்துவர் மெசுலம் விவரித்த, மொழியை முதலில் தாக்கும் படிப்படியான பேச்சிழப்பு உள்ளவர்கள், நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருந்தும், கேள்விகள் யாவும் சொற்களால் ஆனவை என்பதாலேயே மதிப்பெண் இழந்து, நினைவு கெட்டவர்களாகக் கணிக்கப்படுகிறார்கள். 2011-இல் வகுக்கப்பட்ட வரையறைகள் இந்நோயை மூன்றாகப் பிரிக்கின்றன: இலக்கணம் சிதைந்து பேச்சு திக்கித் திணறுவது ஒன்று, சொற்பொருள் அழிவது ஒன்று, சொல் தேடித் தடுமாறி நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாமல் போவது மற்றொன்று. ஆகவே, பெயர் கேட்பதோடு நின்றுவிடாமல், நீளும் வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வைப்பதும், ஒரு படத்தை விவரிக்கச் செய்து தடையின்றிப் பேசவிடுவதும் அவசியம். ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்களை அடுக்கச் சொல்லி, பிறகு ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்பதும் உதவும். அல்சைமர் நோயில் பெரும்பாலும் விலங்குப் பட்டியலே அதிகமாகச் சுருங்குகிறது.

செவித்திறன், பார்வை, மனச்சோர்வு, படித்த காலம் ஆகியவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளாமல் எந்த மதிப்பெண்ணுக்கும் பொருள் சொல்ல இயலாது. இரண்டு மொழிகள் பேசுபவரை ஒன்றில் மட்டும் சோதிப்பது அநீதி என்றே நினைக்கிறேன்.

அறிக்கையின் கடைசிப் பத்தியைக் குடும்பத்தினருக்காகவே எழுதுகிறேன். சொல் எட்டாதவருக்குச் சற்றுக் காத்திருந்து முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கலாம். சொல்லின் பொருளே மறைந்துவருபவரிடம் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருத்தாமல், பொருளைக் கையில் கொடுத்துப் பயன்படுத்திக் காட்டலாம்.